வேதமும் அபரவித்தையே: மார்கழி வாசிப்புக் குறிப்புகள்

மார்கழி 3

விடியற்காலையில் முண்டக உபநிடதத்தைத் தொடங்கினேன். பெரிய இல்லறத்தாரான சௌனகர் அங்கிரஸ் முனிவரை முறைப்படி அணுகி, எதை அறிந்தால் இவை அனைத்தும் அறியப்பட்டனவாகும் என்று கேட்கிறார். அறிய வேண்டியவை பரவித்தை (மேலான அறிவு), அபரவித்தை (அதற்குக் கீழான அறிவு) என இரண்டு என்று முனிவர் விடை கூறுகிறார்.

பள்ளிக்கூடப் படிப்பு சோற்றுக்கு, சாமி புத்தகம் கதிக்கு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே அபரவித்தை என்ற தலைப்பின்கீழ்க் கணக்கும் வாணிபமும் இருக்கும் என்று எண்ணியே அடுத்த மந்திரத்துக்குச் சென்றேன். அங்கே இருந்தவை ரிக், யஜுர், சாமம், அதர்வணம் என்னும் வேதங்கள் நான்கும், சிட்சை (ஒலிப்பு முறை), கற்பம் (சடங்கு விதிகள்), வியாகரணம் (இலக்கணம்), நிருக்தம் (சொற்பொருள் ஆய்வு), சந்தஸ் (யாப்பு), சோதிடம் என்னும் வேத அங்கங்கள் ஆறும். விரல் விட்டு எண்ணினேன், பத்து. அதர்வண வேதத்தைச் சேர்ந்த ஒரு நூலே அதர்வணத்தையும் இந்த வரிசையில் நிறுத்துகிறது. அட்சரம் என்னும் அழியாத பரம்பொருள் எதனால் அடையப்படுகிறதோ அதுவே பரவித்தை என்பதோடு அந்த மந்திரம் முடிந்துவிடுகிறது.

மார்கழி 4

கற்பத்தில் சுல்ப சூத்திரங்களும் அடங்கும். முளை அடித்து, கயிறு இழுத்து, வேள்வி மேடையை அளக்கும் கணக்கு அது. நீள்சதுரத்தின் மூலைவிட்டம் பற்றிய விதியைப் போதாயனர் அதில்தான் சொல்கிறார். அப்படியானால் வடிவியலும் மந்திரமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. பெரியவர்கள் போட்ட எல்லைக்கோட்டை உபநிடதம் வேறு இடத்தில் போட்டிருக்கிறது.

மார்கழி 9

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஏழாம் அத்தியாயம். நாரதர் சனத்குமாரரிடம் வந்து, நான்கு வேதங்கள், இதிகாச புராணம், இலக்கணம், எண் கணிதம், தருக்கம், போர்க்கலை, விண்மீன் சாத்திரம், பாம்பு வித்தை என்று தாம் கற்றவற்றை அடுக்குகிறார். இவ்வளவும் கற்ற பின்னர், “நான் மந்திரம் அறிந்தவன், ஆத்மாவை அறிந்தவன் அல்லன், துயரத்தில் இருக்கிறேன்” என்கிறார். அவர் கற்றவை யாவும் வெறும் பெயரே என்று சனத்குமாரர் சொன்னாலும், அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. பெயரையே பிரம்மமாக உபாசிக்கச் சொல்லி, அங்கிருந்தே அவரைப் படிப்படியாகப் பூமா என்னும் எல்லையற்ற நிறைவு வரை அழைத்துச் செல்கிறார். துயரத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்ளும் அறிஞர் என்பதால் எனக்கு நாரதரைப் பிடித்துப்போயிற்று.

மார்கழி 11

ஏகாதசி உபவாசம். மாலையில் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்ல அமர்ந்தேன். ஆண்டுக்கணக்காக மனப்பாடமாக இருப்பதுதான். பாதியில் ஒரு சுலோகத்துக்குப் பின் அடுத்தது நாவில் வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தும் அதே இடத்தில் நின்றது.

இரவில் சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வரும் சுவேதகேதுவின் கதையை எடுத்தேன். பன்னிரண்டு வயதில் குருவிடம் சென்று இருபத்து நான்கில் வேதமெல்லாம் கற்ற செருக்கோடு திரும்பிய மகனை, உத்தாலகர் 15 நாள் உண்ணாதிருக்கச் சொல்கிறார். தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு குடிக்கலாம். அதன்பின் ரிக்கைச் சொல், யஜுரைச் சொல், சாமத்தைச் சொல் என்கிறார். எதுவும் தோன்றவில்லை என்கிறான் மகன். பெருநெருப்பு அவிந்து மின்மினி அளவுக் கங்கு ஒன்று மிஞ்சினால் அதைக்கொண்டு எதை எரிப்பது, போய்ச் சாப்பிட்டு வா என்கிறார் தந்தை. சாப்பிட்டு வந்தவனுக்குக் கேட்டதெல்லாம் நினைவுக்கு வருகிறது. மனம் அன்னத்தால் ஆனது என்று காட்டிய அதே தந்தைதான், அதே அத்தியாயத்தில், நீரில் கரைந்த உப்பைக் கொண்டு ‘அது நீ’ என்றும் காட்டுகிறார்.

மார்கழி 18

அவித்தையை மட்டும் பற்றியவர் இருளில் புகுவர், வித்தையில் மட்டும் திளைப்பவர் அதைவிடப் பேரிருளில் புகுவர் என்கிறது ஈசாவாசிய உபநிடதம். இங்கே அவித்தை என்பதற்குக் கருமம் (வேள்வி முதலிய சடங்குகள்) என்றும் வித்தை என்பதற்குத் தேவதை ஞானம் (தேவதைகளைப் பற்றிய அறிவு) என்றும் சங்கரர் பொருள் கொள்கிறார். முண்டகத்தின் இரண்டு வித்தைகளை இதன்மேல் அப்படியே பொருத்த முடியாது. இன்று காலை நானும் பொருத்திப் பார்த்துத் தடுமாறினேன்.

மார்கழி 20

முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் என்னும் ஊரின் கல்வெட்டைப் பற்றிய கட்டுரை ஒன்று கிடைத்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர் அது. அங்கிருந்த கல்லூரியில் மாணவர் 340 பேர். வேதமும் தொடக்க இலக்கணமும் பயின்ற இளையோர் 270. மேல்நிலை மாணவர் 70. அந்த எழுபதில் வியாகரணத்துக்கு 25 பேர், வேதச் சடங்கு விதிகளை ஆராயும் பிரபாகர மீமாம்சைக்கு 35 பேர், உபநிடதங்களை ஆராயும் வேதாந்தத்துக்கு 10 பேர். முன்னூற்று நாற்பதில் பத்து! இளையோருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். மேல்நிலை மாணவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. வேதாந்தம் படித்த பத்துப் பேருக்கும் இலக்கணம் படித்தவர்களுக்கு அளந்த அதே அளவு நெல்லே அளக்கப்பட்டிருக்கிறது.