பள்ளி மதிலோரம் பட்டாம்பூச்சிக்கு ஓர் இடம் – இதுவரை நடந்தது

எங்கள் பள்ளிக்குப் பின்னால் மதிலை ஒட்டி ஒரு துண்டுக் கரிசல் நிலம், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு அதில் இறங்கினோம். கருவேலத்தை மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும் என்பதால் பெரியவர்களை வைத்துத் தூரோடு தோண்டினோம். அங்கே நின்ற எருக்கஞ்செடிகளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

பட்டாம்பூச்சித் தோட்டம் என்றாலே பூச்செடிகளைத்தான் வாங்கி வைக்கிறார்கள். பூவுக்குத் தேன் குடிக்க வரும், போய்விடும். தங்கிப் பெருக வேண்டுமென்றால் புழு தின்ன இலை வேண்டும், அதுவும் அதற்கென்று உள்ள செடியின் இலை. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சை, நாரத்தை. ரோஜா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை. இவற்றில் பாதியை நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம்.

ஆடுதீண்டாப்பாளை எந்த நர்சரியிலும் இல்லை. ஒரு மாணவனின் பாட்டிதான் பருத்திக்காட்டு வரப்பில் காட்டிக்கொடுத்தார். காய்ந்து வெடித்த காய்களுக்குள் தட்டையான விதைகள் அடுக்கி வைத்தாற்போல் இருந்தன. ஐப்பசி மழைக்கு முன்னால் ஊன்றினோம். மெதுவாகத்தான் முளைத்தன.

அதற்குள் எருக்கு பலன் காட்டிவிட்டது. இலைக்கு அடியில் ஒற்றை ஒற்றையாக வெள்ளை முட்டைகள். அப்புறம் கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழுக்கள். முதுகில் மூன்று ஜோடி கருங்கொம்பு. இலையெல்லாம் ஓட்டை விழுந்ததைப் பார்த்துவிட்டு மருந்தடிக்கச் சொன்னவர்களும் உண்டு. “இந்த இலை புழுவுக்கு” என்று பிள்ளைகளே அட்டையில் எழுதிக் கட்டினார்கள். கூட்டுப்புழு பச்சையாகவும் இருந்தது, இளஞ்சிவப்பாகவும் இருந்தது. இரண்டிலும் பொன்மணி கோத்தாற்போல் ஒரு வரி.

எனக்கு மிகவும் பிடித்த நாள் அதற்குப் பிறகு வந்தது. கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிய ஒன்றை எல்லோரும் ரோஜா அழகி என்றார்கள். ஒரு மாணவி மட்டும், “டீச்சர், றெக்கை அதே மாதிரிதான், உடம்பு சிவப்பா இல்லையே, கருப்பா இருக்கே” என்றாள். அது கறிவேப்பிலை அழகியின் பெண். ரோஜா அழகி தின்னும் ஆடுதீண்டாப்பாளையின் நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் அதை ஒதுக்கும். நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை அதே வேஷம் கட்டித் தப்பிக்கிறது. பாடம் நடத்தி இதைப் புரிய வைக்க எனக்கு எத்தனை வகுப்பு ஆகியிருக்குமோ! அவள் கண்ணாலேயே பிடித்துவிட்டாள்.

இப்போது ஆடுதீண்டாப்பாளை தரையோடு படர ஆரம்பித்திருக்கிறது. அதில் இன்னும் முட்டை இல்லை; தினமும் காலையில் பார்க்க முறை போட்டிருக்கிறோம். அடுத்து கிலுகிலுப்பை விதைக்கப் போகிறோம். வரியன்களின் ஆண்கள் பெண்ணைக் கவரும் வாசனைக்கான சரக்கை அந்தச் செடியிலிருந்தும் உறிஞ்சும் என்று சொன்னதிலிருந்து, விதை எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகள் விடாமல் கேட்கிறார்கள்.