வரலாறு விருப்பப் பாடம்: ஏகாதிபத்தியம், விடுதலை இயக்கங்கள் பகுதியை நான் படித்த விதம்

இறுதிப் பட்டியலில் என் பெயர் வந்துவிட்ட நிம்மதியோடு இதை எழுதுகிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதுபவர்களில் பலர், இரண்டாம் தாளில் வரும் ஏகாதிபத்தியம், காலனி நாடுகளின் விடுதலை ஆகிய தலைப்புகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தத் தாளில் எனக்குக் கைகொடுத்தவை அவைதாம்.

பாடத்திட்டம் இரண்டையும் தனித்தனியே தந்திருப்பதால், கிடைக்கும் குறிப்புகளும் பொருளாதார, சமூக, அரசியல் விளைவுகளை முதலில் அடுக்கிவிட்டு, பிறகு தலைவர்களையும் கட்சிகளையும் ஆண்டு வரிசையில் சொல்கின்றன. அப்படிப் படித்தால் விளைவுக்கும் எதிர்ப்புக்கும் நடுவே இருந்த மனிதர்கள் கண்ணில் படுவதே இல்லை. நான் விடாமல் செய்தது ஒன்றுதான்: ஒவ்வொரு காலனியக் கொள்கைக்கும் எதிரே, அதனால் அடிபட்டவர் யார், அவர் என்ன செய்தார் என்று எழுதிவைத்தேன். அதற்கு வியட்நாமை முழுமையாக எடுத்துக்கொண்டேன்.

1897 முதல் 1902 வரை, வியட்நாமை உள்ளடக்கிய பிரெஞ்சு இந்தோசீனாவின் தலைமை ஆளுநராக இருந்த பால் தூமர், ஆட்சிச் செலவை அந்த மக்களிடமிருந்தே ஈடுகட்ட, உப்பு, சாராயம், அபின் ஆகியவற்றின் மீதான அரசு ஏகபோகத்தை இறுக்கினார். உப்பு விளைவித்தவர் அரசு வைத்த விலைக்கு அரசிடமே விற்க வேண்டும். தம் வீட்டுச் சமையலுக்கு அதே உப்பை அதைவிட அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். சடங்குக்கும் விருந்துக்கும் வீட்டில் காய்ச்சிய அரிசிச் சாராயம் குற்றமாகிப்போனது. இவற்றோடு தலைவரியும் கட்டாய உழைப்பும் சேர்ந்தபோதுதான் 1908இல் குவாங் நாம் பகுதியில் விவசாயிகள் திரண்டெழுந்தார்கள். உப்பிலிருந்து இந்தக் கிளர்ச்சி வரை ஒரே மூச்சில் எழுதினால் பத்து மதிப்பெண் விடைக்கு அதுவே போதும்.

அந்தக் கிளர்ச்சியை ஒடுக்கியபோது சீர்திருத்தவாதி ஃபான் சூ திரின் கைதாகிப் புலோ காண்டோர் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவரையும், அதே காலத்து விடுதலைப் போராளி ஃபான் போய் சாவையும் சேர்த்தே படியுங்கள். போய் சாவ் 1905 முதல் இளைஞர்களை ஜப்பானுக்கு அனுப்பி, இளவரசர் ஒருவரை முன்னிறுத்தி, பிரெஞ்சுக்காரரை ஆயுதத்தால் வெளியேற்ற முனைந்தார். திரினோ, முடியாட்சி ஒழிய வேண்டும், பிரான்ஸ் தன் குடியரசுக் கொள்கைக்கு உண்மையாக நடக்க வேண்டும் என்றார். 1907இல் ஹனோயில் சீர்திருத்தவாதிகள் தொடங்கிய தோங்கிங் இலவசப் பள்ளியைக்கூட ஓராண்டுக்குள் மூடிய அரசிடம் அந்தக் கோரிக்கை எடுபடவில்லை. ஆனாலும் 1926இல் திரினின் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டம் அவர் எதை விதைத்தார் என்பதைக் காட்டியது. ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்று கேட்டால் இந்த இருவரின் முரண்பாட்டிலிருந்தே தொடங்கலாம்.

விடையில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை என நான் கருதுபவை:

- 1930: யென் பாயில் பிரெஞ்சுப் படையின் வியட்நாமிய வீரர்கள் செய்த கிளர்ச்சியும், ஙே தின் பகுதியில் விவசாயிகள் எழுந்து அமைத்த சோவியத்துகளும் (மக்கள் குழு ஆட்சிகள்). உலகப் பெருமந்தத்தில் அரிசி விலை வீழ்ந்ததோடு இரண்டாவதை இணைக்கவும்.
- மீகாங் கழிமுகத்தில் கடன்பட்ட விவசாயிகளின் நிலம் சிலர் கையில் குவிந்தது. சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்த நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் அந்தக் கடன் அமைப்பில் பங்கு பெற்றவர்கள். அதை மறைக்காமல் எழுதுங்கள்.
- ஒப்பீட்டுக்கு, டச்சுக்காரர் ஆண்ட ஜாவா. 1830இல் டச்சுத் தலைமை ஆளுநர் வான் டென் பாஷ் கொண்டுவந்த கட்டாயப் பயிர்முறை, கிராம நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதிப் பயிருக்கு ஒதுக்கச் சொன்னது. நடைமுறையில் அதற்கு மேலும் பறிபோனது. 1912இல் உருவான சரேகத் இஸ்லாம் என்ற வெகுமக்கள் இயக்கத்தின் வேர், பாத்திக் (மெழுகுச் சாயத்) துணி வணிகர்களிடம் இருந்தது.

பெரும்பாலோர் 1945 செப்டம்பர் 2 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின் விடுத்த விடுதலைப் பிரகடனத்தை எழுதிவிட்டு, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு வடக்கே பல லட்சம் பேர் பட்டினியால் மாண்டதை விட்டுவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அங்கு நுழைந்திருந்த ஜப்பானிய ராணுவமும் பிரெஞ்சு நிர்வாகமும் நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்துகொண்டிருந்தபோது, களஞ்சியங்களை உடைத்து அரிசியைப் பகிர மக்களைத் திரட்டியது ஹோ சி மின் தலைமையிலான விடுதலை முன்னணியான வியட் மின். 1945 ஆகஸ்டில் வியட் மின் ஆட்சியைக் கைப்பற்றிய ஆகஸ்ட் புரட்சியில் கிராமங்கள் அதன் பின்னால் நின்றதற்குச் சித்தாந்தத்தைவிட அந்த அரிசியே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. இருபது மதிப்பெண் விடையில் இதற்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள்.