டிக் ஒண்ணு சொல்லும், கர்ல் வேற எங்கயோ போகும்

இங்க பெங்களூர் ஆபீஸ்ல புதுசா சேர்ற நம்மூர் பசங்க எல்லாரும் ஒரே டவுட்டோடதான் வந்து நிப்பாங்க, "அண்ணா டிக் போட்டா ஐபி கரெக்டா வருது, கர்ல் போட்டா பழைய சர்வருக்கே போகுது, டிஎன்எஸ் புட்டுக்கிச்சா?" அதெல்லாம் ஒண்ணும் ஆகல தம்பி, நீ ரெண்டு பேருகிட்ட ரெண்டு வேற கேள்வி கேக்குற. டிஎன்எஸ்ங்கிறது ஒரு பேருக்கு என்ன ஐபின்னு சொல்றது, டிக் அதுகிட்ட கேட்டு காட்டுற கமாண்டு, கர்ல் அந்தப் பேர்ல இருக்குற சர்வருக்கே போய் பக்கத்த எடுத்துட்டு வர்ற கமாண்டு.

டிக், என்எஸ்லுக்அப், ஹோஸ்ட் இதெல்லாம் நேரா டிஎன்எஸ் சர்வர்கிட்ட போய் கேக்குற கமாண்டு, ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல (உன் மெஷின்லயே பேருக்கு ஐபி எழுதி வெக்கிற ஃபைல்) நீ என்ன எழுதி வெச்சிருந்தாலும் திரும்பிக்கூட பாக்காது. பிங், எஸ்எஸ்ஹெச், சாதாரணமா கர்லும் சி லைப்ரரி (புரோகிராமுங்க பேர் தேட பொதுவா கூப்பிடுற சிஸ்டம் கோடு) வழியா போகும், அது லினக்ஸ்ல என்எஸ்ஸ்விட்ச் டாட் கான்ஃப்ல இருக்குற வரிசைப்படிதான் தேடும், பெரும்பாலும் அங்க ஃபைல்ஸ், அதாவது ஹோஸ்ட்ஸ் ஃபைல்தான் முதல்ல, டிஎன்எஸ் அப்புறம். எவனோ எப்பவோ டெஸ்டிங்குக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல போட்ட லைன் அப்படியே கெடக்கும். அதனால புரோகிராமுக்கு என்ன ஐபி கெடைக்குதுன்னு பாக்கணும்னா கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் போடுங்க. முன்னாடி இருக்குற அந்த ஏ முக்கியம், வெறும் ஹோஸ்ட்ஸ்னு போட்டா ஐபிவி6 அட்ரஸ் இருந்தா அத மட்டும் காட்டிட்டு போயிடும்.

டொமைன் இல்லாம சின்ன பேர் மட்டும் குடுக்குற கதையும் இதேதான். எந்த டிஎன்எஸ் சர்வர கேக்கணும்னு எழுதியிருக்குற ரிசால்வ் டாட் கான்ஃப்ல, பேருக்கு பின்னாடி ஒட்ட வேண்டிய டொமைன் எல்லாம் போட்டு சர்ச்னு ஒரு லைன் இருக்கும்ல, பிங் அத ஒட்டவெச்சு தேடும், டிக் தேடாது, பிளஸ் சர்ச்னு கேட்டாதான் தேடும். குபர்நெட்டீஸ் (கன்டெய்னர்கள ஓட்டுற சிஸ்டம்) பாட் உள்ள போனா இன்னும் கூத்து, அங்க என்டாட்ஸ்ங்கிற செட்டிங் 5, பேர்ல அஞ்சு புள்ளிக்கு கம்மியா இருந்தா முதல்ல சர்ச் லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொண்ணையும் ஒட்டி ஒட்டி கேட்டுட்டு கடைசிலதான் உண்மையான பேர கேக்கும், வெளிய இருக்குற ஏபிஐ எல்லாம் பேர்ல ரெண்டு மூணு புள்ளிதான வெச்சிருக்கும், அத்தனையும் இப்படி சுத்திட்டுதான் வரும். பேர் கடைசில ஒரு புள்ளி வெச்சா நேரா போயிடும்.

கர்ல்ல எனக்கு ரொம்ப புடிச்சது ஹைஃபன் ஹைஃபன் ரிசால்வ், 2010லயே வந்தாச்சு, இன்னும் பாதி பேருக்கு தெரியல. பேர், போர்ட், ஐபி மூணையும் கோலன் போட்டு குடுத்தா அந்த ஒரு தடவைக்கு மட்டும் அந்த ஐபிக்கு போகும், ஹோஸ்ட்ஸ் ஃபைல தொடவே வேண்டாம். ஐபிய நேரா அடிச்சு ஹோஸ்ட் ஹெட்டர்ல மட்டும் பேர வெக்கிற ஆளுங்க இருக்காங்க, ஹெச்டிடிபிஎஸ்ல அது சர்டிஃபிகேட்ல இருக்குற பேரோட ஒத்துப்போகாம அடி வாங்கும், ரிசால்வ்ல பேர் பேராவே இருக்குறதால அந்த பிரச்சன இல்ல. போர்ட் மட்டும் ஒத்துப்போகணும், 80க்கு குடுத்துட்டு 443க்கு ரீடைரக்ட் ஆனா பழையபடி டிஎன்எஸ்கிட்டயே போயிடும். எந்த டிஎன்எஸ் சர்வர கேக்கணும்னு கர்ல்கிட்ட சொல்ல டிஎன்எஸ் சர்வர்ஸ்னும் ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆனா சி-ஏர்ஸ்ங்கிற டிஎன்எஸ் லைப்ரரி சேத்து பில்ட் பண்ண கர்ல்லதான் வேலை செய்யும்.

ப்ராக்ஸி (நடுவுல நின்னு நம்ம ட்ராஃபிக்க கடத்தி விடுற சர்வர்) வழியா போறவங்களுக்கு ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். கர்ல்ல ப்ராக்ஸி அட்ரஸுக்கு முன்னாடி சாக்ஸ்5னு போட்டா பேர உங்க லேப்டாப்பே தேடும், சாக்ஸ்5ஹெச்னு போட்டா அந்தப் பக்கம் இருக்குற ப்ராக்ஸி தேடும். வீட்டுல உக்காந்து எஸ்எஸ்ஹெச் டனல் போட்டு ஆபீஸ் உள்பக்க பேர தொறக்குறவங்களுக்கு அந்த ஹெச் இல்லன்னா ஒண்ணும் நடக்காது.

அப்புறம் எதுவா இருந்தாலும் சரியா அஞ்சு செகண்டு நின்னுட்டு அப்புறம் வேலை செஞ்சா, ரிசால்வ் டாட் கான்ஃப்ல முதல்ல இருக்குற நேம்சர்வர் செத்துருக்கான்னு பாருங்க, ஜிலிப்சில (லினக்ஸ்ல பெரும்பாலும் இருக்குற அந்த சி லைப்ரரி) டிஃபால்ட் டைம்அவுட் 5 செகண்டு. அந்த நேரத்துல ஐபிடேபிள்ஸ் லிஸ்ட், டிரேஸ்ரூட், டிசிபிடம்ப்னு நெட்வொர்க்க பாக்குற இந்த கமாண்டு எல்லாத்துக்கும் ஹைஃபன் என் போட்டுடுங்க, இல்லன்னா ஒவ்வொரு ஐபிக்கும் பேர் தேடிட்டு அதுவும் தூங்கும். அதே பழக்கத்துல கர்லுக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் போட்டுடாதீங்க, கர்ல் நெட்ஆர்சி ஃபைல்ல பாஸ்வேர்டு தேடும், எஸ்எஸ்ஹெச் கீபோர்டு இன்புட்ட மூடிடும்.