அம்மாவின் உறுதியைத் தேடி: கச்சேரிக்கும் நல்லூருக்கும் நடுவில்

தனக்குச் சீதனமாக வந்த கொழும்புத்துறைக் காணியை அக்காவுக்கு எழுதிக் குடுக்க வேண்டும் என்பது அம்மாவின் கனநாள் ஆசை. எழுதுவதற்குப் பழைய உறுதி, அதாவது காணிப் பத்திரம், வேண்டும். அது யுத்தத்தால் ஊரே வெளிக்கிட்ட 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில், நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போன றங்குப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டி திரும்பி வந்தது, உறுதிக்கட்டு வரவில்லை. இப்படி உறுதி துலைத்த வீடு யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒன்றாவது இருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உறுதி துலைந்தாலும் அதில் எழுதினது துலையாது. உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற சட்டத்தரணியான நொத்தாரிசு ஓர் உறுதி முடித்தால் மூலம் எங்கள் கைக்கு வரும், ஒன்று அவரிடமே இருக்கும், இன்னொரு பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். அந்தப் பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய நகல் எடுக்கலாம். சொல்லச் சுகம்தான். அம்மாவுக்குத் தெரிந்ததோ நொத்தாரிசின் பெயரும் தான் கலியாணம் முடித்த வருசமும் மட்டும்.

மானிப்பாயிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் ஸ்ராண்டில் இறங்கினேன். நல்லூர்த் திருவிழாக் காலம். இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றின வீதிகள் வாகனத்துக்குப் பூட்டு, அந்தச் சாட்டில் ஓட்டோக்காரர் ஊரெல்லாம் சுற்றிப் போகும் கணக்கில் காசு கேட்டார். எல்லாம் பக்கத்தில்தானே, நடப்பம் என்று வெளிக்கிட்டேன். கஸ்தூரியார் வீதியில் அம்மாவின் கண்ணாடியைத் திருத்தக் குடுக்கிறது முதல் வேலை. கடைக்கதவில் செத்தவீட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சரி, கண்ணாடி பையோடயே இருக்கட்டும்.

அடுத்தது நொத்தாரிசு வீடு, பிரதான வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கை. படலைக்கு வந்த மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்தா.

"மாமா மோசம் போய்க் கனகாலம், தம்பி. அவற்ற கொப்பியள் எல்லாம் அப்பவே பதிவகத்துக்குப் போட்டுது."

அதுதான் முறையும். நொத்தாரிசு காலமானால் அவர் வைத்திருந்த பிரதிகளைக் காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் நொத்தாரிசு இல்லை என்று யாரும் இடிந்துபோய் இருக்கத் தேவையில்லை, தேடுற இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அவ தந்த தண்ணியைக் குடித்துவிட்டு சுண்டுக்குளியால் கச்சேரிப் பக்கம், அதாவது மாவட்டச் செயலகப் பக்கம், காணிப் பதிவகத்துக்கு நடந்தேன். கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. இந்த வெயிலிலும் பழைய பூங்கா மரங்களுக்குக் கீழே மட்டும் மனுசன் நிற்கலாம்.

பதிவகக் கவுண்டரில் இருந்த மிஸ் முதலில் கேட்டது உறுதி இலக்கம். தெரியாது. பதிவேட்டின் வோலியம், போலியோ, அதாவது எத்தனையாம் புத்தகம், எத்தனையாம் பக்கம்? அதுவும் தெரியாது. பெயரையும் வருசத்தையும் மட்டும் வைத்துத் தேடினால் எப்ப கிடைக்கும் என்று சொல்லேலாது என்றா. நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, அவவே கேட்டா:

"அம்மாவுக்குச் சகோதரங்கள் இருக்கினமோ? அவையளுக்கும் இதே காணியிலதானே சீதனம் பிரிச்சுக் குடுத்தது?"

"ஓம் மிஸ், பெரியம்மாவுக்கு மேற்குப் பக்கம்."

"அப்ப அவவின்ர உறுதியை எடுத்துக்கொண்டு வாங்கோ. பதிஞ்ச சீல் இருக்கும், அதில போலியோ இருக்கும். தாய்க்காணியைப் பிடிச்சா உங்கட துண்டையும் பிடிக்கலாம்."

எனக்கு நாலு பேர் சொன்ன புத்தியில் உருப்படியானது இது ஒன்றுதான். உறுதி துலைத்தவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அலுவலகம் இல்லை, சொந்தக்காரர் வீட்டு அலுமாரி.

பெரியம்மா இருப்பது நல்லூரில், கோயிலுக்குப் பின்பக்கம். கச்சேரி நல்லூர் வீதி நேரே கொண்டுபோய் விடும், ஆனால் மத்தியான வெயிலில் அது நீண்டுகொண்டே போகிற வீதி. கோயில் வீதித் தடுப்புக்கு அங்கால செருப்புப் போட ஏலாது. மணல் போட்ட இடம் பறவாயில்லை; மணல் விலகித் தார் தெரிந்த இடத்தில் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோழிக்குஞ்சு மாதிரித் துள்ளித் துள்ளித்தான் போனேன். கச்சான் கடைக்கார அக்கா சிரித்தா.

பெரியம்மா சோறு போடாமல் அலுமாரியைத் திறக்கவில்லை. சாப்பிட்டு முடிய, பிளாஸ்ரிக் உறைக்குள்ளிருந்து உறுதியை எடுத்து மேசையில் விரித்தா. மடிப்பெல்லாம் ஒட்டுத்தாள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, பிறகு நாலு எல்லை: கிழக்கு தங்கச்சியின் காணி, வடக்கு ஒழுங்கை என்று போய், கடைசியில் "கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்". கிழக்கு எல்லையில் அம்மாவின் பெயரைக் கண்டதும் பாதிக் களை போய்விட்டது. மற்றப் பக்கத்தில் ஊதா நிற சீல், அதற்குள் பேனையால் எழுதின இலக்கம். வாசிக்கலாம்.

பிரதி எடுக்கப் போன கடையில் கரண்ட் இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு அதே வீதியால் திரும்பி நடந்து போய்ச் சேர, காசு கட்டுற கவுண்டர் பூட்டியாச்சு. மிஸ் இலக்கத்தை ஒரு துண்டில் குறித்து வைத்துக்கொண்டா, அந்தளவில் வீடு வந்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு, நகல். புதிதாக எழுதப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: அம்மாவின் சீதனக் காணிதான் என்றாலும் அதை மற்றவருக்கு எழுத அப்பாவின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமை அப்படி. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த வழமை இன்னும் எங்கள் வீட்டு மேசையில் வந்து குந்தியிருக்கிறது. காணி அம்மாவினுடையது, ஒப்பம் அப்பாவினுடையது. எனக்கு இதில் உடன்பாடில்லை, ஆனால் நொத்தாரிசிடம் அது செல்லாது. இரண்டு பேரையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள், அலைச்சல் மிச்சம்.

நகலை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பரப்பு, எல்லை எதற்கும் அவ வாய் திறக்கவில்லை. கிணற்றுப் பங்கு வந்ததும் எழும்பி இருந்தா.

"அரைப் பங்கோ? வடிவா வாசி. உவள் பெரியம்மா வாடகைக்கு விட்ட ஆக்கள் கிணத்தடிக்குப் பூட்டெல்லோ போட்டு வச்சிருக்கினம். நாளைக்கு வெளிக்கிடு, கொழும்புத்துறைக்குப் போவம்."