பெரட்டில் நின்ற ஏழு பேர்

1985-இல் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, வேலைக்குச் சேர்ந்தேன். விடிகாலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆட்களை நிறுத்திப் பெயர் எடுப்பது. இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் தலைகாட்டும். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறுவதெல்லாம் நட்சத்திரத்துக்குக் கீழேதான்.

முதல் மாதமே ஒரு கோளாறு. புதிதாக வந்த பையன் ஒன்பதாம் நம்பர் பிரிவின் பால் வெட்டுக்காரர்களோடு ஒட்டி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் ஆள்தான் என்று எழுதிவிட்டேன். அவன் பால் வெட்டியதோ நாலாம் நம்பரில். மாதக் கடைசியில் பால் கணக்கு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். பாதிச் சம்பளம் காணோம் என்று அலுவலக வாசலில் வந்து நின்றான். வேலையை மேற்பார்க்கும் தண்டல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்: "யாரு பக்கத்துல நிக்கிறான்னு பாக்காத தம்பி. பெரட்டு கலைஞ்சதும் எந்தப் பக்கம் நடக்குறான்னு பாரு."

வானத்துக்கும் இதே கணக்குத்தான் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தை மாத விடியலில் பால் ஸ்டோர் கூரைக்கு மேலே, வடக்கில் சப்தரிஷி தெளிவாக நிற்கும். வயதான அம்மா ஒருவர் தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியை இறக்கி வைத்துவிட்டு வசிஷ்டரையும் ஒட்டியிருக்கும் அருந்ததியையும் காட்டுவார். "கண்ணு தெரியுதான்னு பாத்துக்கிறேன் கிராணியாரே" என்பார். ஏழு பேரும் ஒரே குடும்பம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடையாது. நடுவில் உள்ள ஐந்து ரிஷிகள்தான் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகிறவர்கள். தூரம் சுமார் 80 ஒளியாண்டு. அருந்ததியும் அவர்களோடு சேர்த்தி. இரண்டு ஓரத்திலும் நிற்கும் கிரதுவும் மரீசியும் வேறு தூரம், வேறு போக்கு. பீடிப் பையன் கேஸ்! இதை 1869-லேயே ரிச்சர்ட் பிராக்டர் என்ற ஆங்கிலேயர் கவனித்திருக்கிறார்.

ரோகிணியும் அப்படியே. அதைச் சுற்றி 'வி' வடிவில் தெரிகிற ஹையடீஸ் கூட்டம் 150 ஒளியாண்டுக்கு அப்பால். ரோகிணி 65-இலேயே நின்றுவிட்டது. நம் கண்ணுக்கு ஒரே வரிசை, அவ்வளவுதான்.

நடையை எப்படி அளப்பது? வானத்தில் பக்கவாட்டாக நகர்வதை ஆண்டுக்கணக்கில் படமெடுத்துப் பார்க்கிறார்கள். நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை ஒளியின் நிறமாலைக் கோடுகள் இடம் மாறுவதை வைத்துச் சொல்கிறார்கள். 2013-இல் ஏவிய கையா விண்கலம் 2018-இல் வெளியிட்ட பட்டியலில் 130 கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களின் இடமும் நகர்வும் இருந்தன. செக்ரோல் என்றால் அதுதான் செக்ரோல்.

அந்தப் பட்டியலை வைத்து 2019-இல் ஹையடீஸுக்கு வால் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கூட்டத்திலிருந்து நழுவுகிற விண்மீன்களில், நம் விண்மீன் மண்டலமான பால்வெளியின் மையத்துக்குச் சற்றுப் பக்கமாகப் போனவை முந்திக்கொள்கின்றன. வெளிப்பக்கம் போனவை பிந்துகின்றன. தைப்பூசத்துக்கு ஒன்றாகப் புறப்பட்ட நடைக்கூட்டம் பத்து மைல் போனதும் முன்னும் பின்னும் இழுபட்டுக் கிடக்குமே, அப்படி. (பால் என்றாலே எங்களுக்கு ரப்பர் பால்தான். வானத்துப் பால் பிறகு வந்தது.)

ஆனால் என்னை ரொம்ப நாள் உட்கார்ந்து யோசிக்க வைத்தது ஹெர்குலிஸ் ஓட்டம் என்கிற விண்மீன் கூட்டம். ஒன்றாக ஓடுகின்றன, ஆனால் அதில் இளசும் உண்டு, மிகப் பழசும் உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க முடியாது. பால்வெளியின் நடுவில் சுழல்கிற, விண்மீன்களாலான நீண்ட பட்டை தன் ஈர்ப்பால் எங்கெங்கோ பிறந்ததையெல்லாம் ஒரே தடத்தில் சேர்த்துவிட்டிருக்கிறது என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். நடையைப் பார் என்ற தண்டலின் விதிகூட இங்கே பாதிதான் செல்லும். வயதையும் கேட்க வேண்டும்.

தோட்டம் செம்பனையாக மாறி, லயங்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் காலியாகி, நாங்கள் டவுனுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. இன்றும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். எதிர்ச் சாலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நேப்பாளிகள், வங்காளதேசத்தார், நம் பழைய லயத்துப் பேரப்பிள்ளைகள் இருவர் எல்லோரும் நிற்கிறார்கள். பஸ் வந்ததும் ஒரே பக்கமாகப் போகிறார்கள். போனபின் வடக்கே பார்க்கிறேன். தெருவிளக்கில் வசிஷ்டர் தெரிகிறார், அருந்ததி தெரியவில்லை. கண்ணா விளக்கா என்று யாரிடம் கேட்பது?