மகனுக்குக் கிடைத்த தற்காலிக விலக்கு: கலிஃபோர்னியா பள்ளிச் சேர்க்கையும் தடுப்பூசியும்

2024 மே மாதம் மதுரையிலிருந்து சான் ஹோசேவுக்குக் குடிவந்தோம். ஆகஸ்ட்டில் மகனைக் கிண்டர்கார்டனில், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பில், சேர்க்க வேண்டும். அவனுடைய தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஆனாலும் அதில் பாதிதான் இங்கே செல்லுபடியானது. பிள்ளைகளோடு ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் சிக்கல் தேதியில். அவன் பிறந்தது 20/09/2018. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியின் முதல் தவணை 08/11/2018, அதாவது நவம்பர் 8. இங்கே மாதத்தை முன்னால் எழுதுவார்கள். பள்ளி அலுவலகத்தில் இருந்த பெண்மணி அதை ஆகஸ்ட் 11 என்று படித்துவிட்டு, "பிறப்பதற்கு முன்பே எப்படி ஊசி போட்டார்கள்?" என்று கேட்டார். அன்று இரவே மாதங்களின் பெயரை எழுத்தில் போட்டு எல்லாத் தேதிகளையும் தனித்தாளில் எடுத்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரிடம் இப்படி ஒரு தாள் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊசிகளே. கலிஃபோர்னியாவில் கிண்டர்கார்டனுக்குப் போலியோ, டிடிஏபி (தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவானுக்கு), ஹெபடைடிஸ் பி, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கு), சின்னம்மை ஆகிய ஐந்து ஊசிகளும் வேண்டும். நம் அரசு அட்டவணையில் 9 மாதத்தில் எம்ஆர் போடுவார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதை இங்கே கணக்கில் எடுப்பதில்லை. எம்ஆரில் தட்டம்மையும் ரூபெல்லாவும் உண்டு, பொன்னுக்கு வீங்கிக்கானது கிடையாது. சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை, தனியார் டாக்டரிடம் காசு கொடுத்தால்தான் உண்டு. போலியோ சொட்டு மருந்து விஷயம்தான் என் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவைகூட விடாம தூக்கிட்டுப் போய்ப் போட்டோமே டி, அதை எப்படிச் செல்லாதுன்னு சொல்றாங்க?" என்று போனில் கேட்டார். 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை எடுத்துவிட்டார்கள். போலியோ வைரஸின் மூன்று வகைக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதால், அதற்குப் பிறகு கொடுத்த சொட்டுகளை அமெரிக்காவில் எண்ணுவதில்லை. ஊசியாகத்தான் போட வேண்டும்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. கிடைக்கிற ஊசியைப் போட்டுக்கொண்டு, அடுத்த தவணைக்கு நாள் வரவில்லை என்றால் நிபந்தனையோடு சேர்த்துக்கொள்வார்கள். சான் ஹோசே இருக்கும் சாந்தா கிளாரா கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) காசநோய்ப் படிவமும் கேட்பார்கள். காசநோய்க்கான பிசிஜி ஊசி போட்ட பிள்ளைக்குத் தோல் பரிசோதனையில் பாசிட்டிவ் வர வாய்ப்புண்டு. ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், அதை பிசிஜி பாதிக்காது.

எல்லாம் ஒழுங்காகிக்கொண்டிருந்தபோதுதான் ஜூலையில் அவனுக்குக் காலையில் கண் இமைகள் வீங்க ஆரம்பித்தன. சிறுநீரில் புரதம் போகிறது, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு என்றார்கள். தினமும் ஸ்டீராய்டு. ஒவ்வொரு காலையும் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து, அது மஞ்சளாகவே இருக்கிறதா, புரதத்தால் பச்சையாகிறதா என்று பார்ப்பதில் எங்கள் நாள் தொடங்கியது. அதிக அளவு ஸ்டீராய்டை 14 நாளோ அதற்கு மேலோ எடுக்கிற பிள்ளைக்கு உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசிகளைப் போடக்கூடாது. நிறுத்தி ஒரு மாதமாவது போக வேண்டும். எம்எம்ஆரும் சின்னம்மையும் அந்த வகை. அவனுக்குப் பாக்கியிருந்தவற்றில் அவையும் உண்டு.

இந்த இடத்தில் மருத்துவ விலக்கு வேண்டியிருந்தது. டாக்டர் கடிதம் ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். அது பழைய கதை. 2021 ஜனவரி முதல் கெய்ர்-எம்இ என்ற மாநில இணையதளம் வழியாகத்தான் விலக்கு தர முடியும். பெற்றோர் கணக்குத் தொடங்கிப் பிள்ளையின் விவரம் கொடுத்தால் ஒரு கோரிக்கை எண் வரும். அதை டாக்டரிடம் கொடுக்க வேண்டும். எந்த ஊசிக்கு, என்ன காரணத்துக்கு, எந்தத் தேதிவரை என்று அவர் அங்கேயே பதிவு செய்வார். அச்செடுத்துப் பள்ளியில் கொடுத்தோம், வேலை முடிந்தது. படிவம் நிரப்பத் தனிக் கட்டணம் வாங்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தற்காலிக விலக்கு ஒரு வருடத்துக்கு மேல் போகாது. எங்களுக்கு அந்த இரண்டு ஊசிக்கு மட்டும்தான் விலக்கு. போலியோ ஊசி வழக்கம்போலத் தொடர்ந்தது, அதில் உயிருள்ள கிருமி இல்லை.

பள்ளியில் 95 சதவீதத்துக்குக் குறைவானவர்களே ஊசி போட்டிருந்தாலோ, ஒரே டாக்டர் வருடத்தில் ஐந்தோ அதற்கு மேலோ விலக்கு எழுதினாலோ, மாநிலச் சுகாதாரத் துறை அவற்றைப் பரிசீலிக்கும். ரத்தானால் மேல்முறையீடு செய்யலாம். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2014 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்ட் பூங்காவில் தொடங்கி தட்டம்மை பரவியது. அதன் பிறகு குழந்தை மருத்துவரும் மாநில செனட்டருமான ரிச்சர்ட் பான் முன்னின்று கொண்டுவந்த எஸ்பி 277 என்ற மாநிலச் சட்டத்தில் 2015 ஜூன் 30 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். சொந்த நம்பிக்கை, மதம் என்று சொல்லி விலக்கு வாங்குவது அதோடு நின்றது. வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

என் மகனுக்கு அப்போது அந்த இரண்டு ஊசிகளையும் போட முடியாது. அவன் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் போட்டிருந்தால்தான் அவனுக்குப் பாதுகாப்பு. ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போகலாம். வகுப்பில் எல்லாரும் வாய்க்கு வந்த காரணம் சொல்லி விலக்கு வாங்கியிருந்தால், அவனை எந்தத் தைரியத்தில் அனுப்பியிருப்பேன்? பள்ளியில் ஒருவருக்குத் தட்டம்மை வந்தால் அவனை 21 நாள் வரை வீட்டில் நிறுத்திவைக்கலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த நிபந்தனையை மனமாரவே ஏற்றுக்கொண்டேன்.

ஸ்டீராய்டை நிறுத்தி, டாக்டர் சொன்ன இடைவெளி கழிந்ததும், ஒரே நாளில் எம்எம்ஆரும் சின்னம்மையும் போட்டோம். இரண்டும் உயிருள்ள கிருமி ஊசிகள் என்பதால் ஒரே நாளில் போடாவிட்டால் 28 நாள் இடைவெளி வேண்டும். சின்னம்மையின் இரண்டாம் தவணை மூன்று மாதம் கழித்து. அந்தத் தேதியையும் மாதத்தின் பெயரோடு எழுதி, விலக்கு முடிவதற்கு முன்பே பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.