ஒரு பழைய அச்சுத்தாளும் கியோட்டோவில் இரண்டு கோயில்களும்

டோக்கியோவின் ஜிம்போச்சோவில் பழைய புத்தகக் கடைகள் பெரும்பாலும் சாலையின் தெற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வடக்கு பார்த்த கடைக்குள் வெயில் விழாது, தாள் பழுப்பேறாது என்பதுதான் காரணம். அந்த வரிசையில் ஒரு சின்னக் கடைக்கு டோக்கியோவில் வசிக்கும் தோழி என்னைக் கூட்டிப்போனாள். மரஅச்சுப் படம் பார்க்க வேண்டும், அதுவும் கண்ணாடிக்குள் இல்லாமல் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வந்த நாளிலிருந்தே அவளை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் மேசையைத் துடைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து வைத்தார். 19ஆம் நூற்றாண்டு மரஅச்சு ஓவியர் குனியோஷி வரைந்தது. கொட்டும் பனியில் ஒரு பெண். தலையில் அகலமான தொப்பி, மார்புத் துணிக்குள் கைக்குழந்தை, அவள் உடையைப் பிடித்தபடி இரண்டு சிறுவர்கள். தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். ஓவியர் வரைந்ததைச் செர்ரி மரப் பலகையில் ஒட்டிச் செதுக்குபவர் ஒருவர். நிறத்துக்கு ஒரு பலகை என்று மாற்றி மாற்றி மை பூசி, மேலே தாளை வைத்து, பாரென் என்ற வட்டமான தேய்ப்பானால் கையாலேயே அழுத்தி அச்சடிப்பவர் இன்னொருவர். அந்தக் கை அழுத்தம் இத்தனை காலம் கழித்தும் தாளின் முதுகில் இருந்தது. நான் முன்பக்கத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

படத்தில் இருப்பவள் தோக்கிவா கோசென். 1160இல், மினமொத்தோ, தாயிரா என்ற இரண்டு போர்க்குலங்கள் மோதிய ஹெய்ஜி கலவரத்தில் கணவன் மினமொத்தோ யொஷித்தொமோ தோற்றுக் கொல்லப்பட்ட பிறகு, மூன்று பிள்ளைகளோடு பனியில் தப்பி ஓடியவள். பகைவன் தாயிரா நோ கியோமோரி அவளுடைய அம்மாவைப் பிடித்துவைத்துக்கொண்டான். அம்மாவைக் காப்பாற்றத் தோக்கிவா தானாகவே திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள். பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். அதற்கு விலையாக அவள் அவனுடைய ஆசைநாயகி ஆனாள் என்கிறது கதை. மார்பில் கிடந்த அந்தக் கைக்குழந்தைதான் பிற்காலத்தில் யொஷித்சுனே. 1185இல் தான்னோஉராக் கடற்போரில் கியோமோரியின் குலத்தை முடித்துவைத்த தளபதி.

இந்த மாதிரிப் பெண்களின் படங்கள் 1840களில் ஏராளமாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1842இல், தெம்போ சீர்திருத்தம் என்ற பெயரில், நடிகர்கள், கணிகையர், கெய்ஷாக்கள் ஆகியோரின் படங்களை அச்சிடக் கூடாது என்று அரசு தடை போட்டது. பதிப்பாளர்களுக்கு அதுவரை சோறு போட்டதே அந்தப் படங்கள்தான். சரி, ஒழுக்கம்தானே வேண்டும் என்று அவர்கள் வரலாற்றிலும் புராணத்திலும் வரும் உத்தமிகளின் பக்கம் திரும்பினார்கள். குனியோஷியின் ‘கென்ஜோ ரெப்புதென்’ அந்த ஆண்டை ஒட்டி வந்த வரிசை. அறிவுள்ள பெண்கள், கற்பிலும் உறுதியிலும் தளராத பெண்கள் ஆகியோரின் வரலாறு என்று பொருள். படத்தோடு அவளுடைய கதையும் சுருக்கமாக எழுதியிருக்கும். ஆனால் அந்த முகங்களைப் பாருங்கள்! தடைசெய்யப்பட்ட அழகிகளின் அதே நீள முகம், அதே சின்ன உதடு. வாங்கியவர்கள் நீதிக்காகத்தான் வாங்கினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

கடையை விட்டு வந்த பிறகும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. உத்தமி என்ற பட்டத்தை வாங்க அந்தப் பெண்கள் கொடுத்த விலை. கெஸா கோசென் என்று ஒருத்தி. அவள்மேல் பித்துப் பிடித்த எந்தோ மொரித்தோ என்ற வீரனிடம், “என் கணவரைக் கொன்றுவிடு, ஈரத் தலையோடு படுத்திருப்பவர்தான் அவர்” என்று சொல்லிவிட்டு, தன் கூந்தலை நனைத்துக்கொண்டு அவளே அங்கே படுத்துக்கொண்டாள். இருட்டில் அவன் வெட்டியது அவள் தலையை. கொன்றவன் துறவியாகி மொங்கக்கு என்று பெரிய பெயர் எடுத்தான். அவளுக்குக் கிடைத்தது உத்தமிப் பட்டம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் கியோட்டோ போனோம். முதல் வேலையாக ரொக்குஹராமித்சுஜி கோயில். ரொக்குஹரா என்பது கியோமோரியின் குலத்தார் மாளிகைகள் கட்டி வாழ்ந்த பகுதி. தோக்கிவா வந்து நின்றதும் இங்கேதான். கியோமோரியுடையது என்று சொல்லப்படும் மரச்சிலை ஒன்று இந்தக் கோயிலில் இருக்கிறது. கையில் சூத்திரச் சுருளோடு உட்கார்ந்திருக்கும் துறவிக் கோலம். கொடூர முகத்தை எதிர்பார்த்துப் போயிருந்தேன். களைத்துப்போன ஒரு கிழவரின் முகம்தான் இருந்தது.

மறுநாள் காலை ரயிலில், கியோட்டோவின் மேற்கு ஓரத்தில் உள்ள சாகா அராஷியாமா. அங்கிருந்து மூங்கில் காட்டு வழியாக நடந்தால், கூட்டமெல்லாம் பின்னால் போன பிறகு வருகிறது கீயோஜி கோயில். கூரை வேய்ந்த ஒரு குடில், முன்னால் தரை முழுக்கப் பாசி. டிசம்பர் தொடக்கம் என்பதால் மேப்பிள் இலைகள் பாதிக்கு மேல் பாசிமேல் கிடந்தன. கோயிலுக்குப் பெயர் கொடுத்த கீயோவும் பழைய மரஅச்சுப் படங்களில் வருபவள்தான். கியோமோரிக்குப் பிடித்த நாட்டியக்காரியாக இருந்தவள். அவள் குடும்பத்துக்கு மாதம் 100 கொக்கு (பழைய ஜப்பானிய முகத்தலளவை) அரிசியும் 100 கான் (ஒரு கான் என்பது ஆயிரம் காசு) பணமும் போய்க்கொண்டிருந்தன என்கிறது தாயிரா குலத்தின் கதையைச் சொல்லும் பழைய காவியமான ஹெய்கே மொனொகத்தாரி. பிறகு ஹொத்தோகே என்ற இளம் நாட்டியக்காரி வாசலில் வந்து நின்றாள். விரட்டப் பார்த்த கியோமோரியிடம், பாவம், ஒருமுறை பாருங்கள் என்று பரிந்து பேசியவளே கீயோதான். பார்த்தான், கீயோவை வெளியே அனுப்பினான். போகும்போது அவள் தாள்கதவில் எழுதிவைத்த பாட்டு இது: ‘துளிர்ப்பதும் வாடுவதும் ஒரே வெளியின் புல்தானே, இலையுதிர் காலத்தைச் சந்திக்காமல் முடிவது எது?’ மூலப் பாட்டில் வரும் ‘அகி’ என்ற சொல்லுக்கு இலையுதிர் காலம் என்று பொருள். சலிப்பு என்றும் பொருள்.

21 வயதில் கீயோ மொட்டையடித்துத் துறவியானாள். கூடவே தங்கையும் அம்மாவும். ஒரு நாள் இருட்டிய பிறகு மூங்கில் கதவு தட்டும் சத்தம். பேயாக இருக்குமோ என்று மூவருக்கும் நடுக்கம். திறந்தால் ஹொத்தோகே. தலைத்துணியை எடுத்துக் காட்டினாள், ஏற்கெனவே மழித்திருந்தாள். அவளுக்கு 17 வயது. சாகும்வரை நால்வரும் ஒன்றாக இருந்தார்கள்.

குடிலுக்குள் அந்த நால்வரின் சிலைகளும் வரிசையில் இருக்கின்றன. கீயோவுக்குப் படிகக் கண்கள். கியோமோரி சிலையும் உண்டு என்று தோழி சொன்னாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தூண் மறைத்தது. எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கதையில் யாரும் சாகவில்லை, யாருக்காகவும் கழுத்தைக் கொடுக்கவில்லை. தன் இடத்தைப் பிடித்தவளுக்கு ஒருத்தி கதவைத் திறந்துவிடுகிறாள், அவ்வளவுதான். ஜிம்போச்சோ கடைக்காரரிடம் அந்தக் கதவு தட்டும் காட்சி ஒரு தாளில் இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். டோக்கியோ திரும்பியதும் கேட்கச் சொல்லித் தோழியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.